பின்வரிசை, இடது

ஹம்பேர்க்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் குளிருக்குக் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. நீங்களும் மகள் கஜந்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன்.

தொலைபேசியில் அழைத்தால் "ஓம்", "பாப்பம்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவீர்கள். தாளில் எழுதினால் இடையில் யாரும் தொலைபேசியை வைத்துவிட முடியாது. அதனால்தான் கடிதம்.

வரும் ஜூலையில் எங்கள் வெண்சுடர் விளையாட்டுக் கழகத்தின் பழைய ஆட்கள் வுப்பர்டாலில் ஒரு கரப்பந்துச் சுற்றுப்போட்டி வைக்கிறார்கள். கூடவே ஒரு நினைவு மலரும் வெளிவருகிறது. செயலாளர் மதீசன் அணியின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டான். நான் ஒரு பந்தையும் ஒழுங்காக அடித்தவன் இல்லை. ஆனால் 2002இல் போர்நிறுத்தம் வந்த நாளிலிருந்து 2006இல் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டிய நாள்வரை ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியையும் கொப்பியில் எழுதியவன் நான்தான். இரண்டு போருக்கு நடுவில் கிடைத்த அந்த நாலரை வருடம் முழுக்க யாழ்ப்பாணத்தில் எங்களை வெல்ல ஆளில்லை. அதை யாராவது எழுதத்தான் வேண்டும்.

2004ஆம் ஆண்டுக் கோப்பையோடு எடுத்த படம் மலருக்கு வேண்டும். ஜெறாட் அண்ணை காணாமல் போன பிறகு அதன் மூலப் பிரதி உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பினால் அச்சுக்குச் சரிவராதாம். தபாலில் அனுப்பினால் இரண்டு கிழமையில் பத்திரமாகத் திருப்பித் தருவேன். மலர் வந்ததும் விளையாடியவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி இலவசம்.

கஜந்திக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

யூட்சன்

*

வுப்பர்டால்
27 பெப்ரவரி 2025

தம்பி யூட்சனுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பெரிய சட்டிகளைத் தூக்கி என் வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வைத்தியர் தந்த பட்டியைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். கஜந்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங், அந்தத் தொழிற்பயிற்சி, இரண்டாம் வருடம் நடக்கிறது. உம்முடைய முழங்காலுக்கு எண்ணெய் பூசிப் பாரும்.

படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதன் பின்பக்கத்தில் உம்முடைய அண்ணை தன் கையால் எழுதிய திகதி இருக்கிறது. அதில் பசை படக்கூடாது. கடையில் விட்டுவிட்டு வராமல் நீரே கூட நின்று ஸ்கான் செய்யும்.

எழுதியதை அச்சுக்கு முன் எனக்குக் காட்டவும்.

சிவகௌரி

*

ஹம்பேர்க்
16 மார்ச் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மணிக்கட்டு எப்படி இருக்கிறது? சட்டி தூக்கும் வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். நான் நலம்.

படம் வந்து சேர்ந்தது. கடையில் நானே பக்கத்தில் நின்றேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பரவாயில்லை.

ஒரு அணியின் வரலாற்றை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. நம்முடைய மலர்களில் வருவதெல்லாம் வாழ்த்துச் செய்திகள்தான். ஆகவே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நகர நூலகத்துக்குப் போனேன். விளையாட்டு அலுமாரியில் தடித்த ஒரு ஜெர்மன் புத்தகம் கிடைத்தது. அமெரிக்காவில் இரண்டு உலகப் போருக்கும் நடுவில் விளையாடிய ஒரு பேஸ்போல் அணியின் கதை. "போர்களுக்கு நடுவே" என்று அட்டையில் போட்டிருந்ததால்தான் எடுத்தேன். பேஸ்போல் என்றால் பள்ளிக்கூடத்தில் நாங்கள் விளையாடிய எல்லேயைக் கொஞ்சம் சோடித்தது போல. பந்தைக் கட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடிவர வேண்டும்.

அணியில் எல்லாரும் கறுப்பர்கள். வெள்ளையரின் சங்கத்தில் சேர்க்கமாட்டார்கள், ஆகவே தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். முதலாளி சம்பளம் கொடுப்பார். ஒரு பேருந்தில் ஊர் ஊராகப் போய், காலையில் ஒரு ஊரில் ஓர் ஆட்டம், மாலையில் இன்னொரு ஊரில் இன்னொன்று. தங்குவதற்கு அறை கிடைக்காத இடங்களில் பேருந்திலேயே நித்திரை. பதினொரு வருடத்தில் ஒன்பது தடவை முதலிடம். வாசிக்க வாசிக்க எனக்குச் சிவகுருநாதன் முதலாளியின் இரும்புக்கடை ஞாபகம் வந்தது. நம்முடைய ஆறு பேருக்கும் அங்கேதானே சம்பளம். காலையில் முள்ளுக்கம்பி நிறுப்பது, பின்னேரம் பந்து. ஊரில் சம்பளத்துக்கு விளையாடிய அணி நாங்கள் மட்டும்தான். அதற்காக எத்தனை பேர் பகிடி பண்ணினார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

பாதிப் புத்தகம்தான் முடிந்தது. அதைப் பார்த்து எழுதிய என்னுடைய கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்தேழு ஆட்டம், நாற்பத்தேழு வெற்றி. படத்தின் கீழே வழக்கம்போல இடமிருந்து வலமாகப் பெயர்கள். இருப்பவர்களுக்குத் திரு, போனவர்களுக்கு அமரர். பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் குறித்து அனுப்புங்கள்.

யூட்சன்

*

வுப்பர்டால்
27 ஏப்ரல் 2025

தம்பி யூட்சனுக்கு,

நலம். கஜந்தியும் நலம். மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது. இங்கே நாலு நாளாக விடாத மழை. நீரும் சுகமாக இருப்பீர்.

கட்டுரையை வாசித்தேன். எல்லா ஆட்டமும் வெற்றி என்பது பிழை. 2005 மார்கழியில் மன்னாருக்குப் போய்த் தோற்றீர்கள். கடைசிப் பந்தை விட்டவர் அவர். திரும்பி வந்து உம்முடைய கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்தார். நீர் கவனிக்கவில்லை. கிழித்த பக்கம் என்னிடம் இருக்கிறது.

படத்தை உடனே திருப்பி அனுப்பவும். அதை மலரில் போட வேண்டாம்.

சிவகௌரி

*

ஹம்பேர்க்
4 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வீக்கம் வடிந்தது ஆறுதல். எனக்கும் எண்ணெய் வேலை செய்கிறது.

ஆறு கிழமை பார்த்திருந்து வந்த கடிதத்தில் இப்படி எழுதியிருந்தது என்னைக் குழப்பிவிட்டது. தோல்வியை ஒளிக்கும் எண்ணம் எனக்குச் சத்தியமாக இல்லை. கொப்பியில் பக்கம் இல்லை, அதனால் எனக்கும் ஞாபகம் இல்லை. இப்போது யோசித்தால், மன்னாரிலிருந்து திரும்பி வரும்போது வான் வண்டிக்குள் எல்லாரும் நித்திரை போலப் பாசாங்கு செய்தது நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்புங்கள், அதையும் போடுகிறேன். நாற்பத்தெட்டு ஆட்டம், நாற்பத்தேழு வெற்றி, ஒரு தோல்வி. பேஸ்போல் புத்தகத்திலும் தோற்ற ஆட்டங்களை விரிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். வாசிக்க அதுதான் நன்றாக இருக்கிறது.

ஆனால் படம் இல்லாமல் அணியின் வரலாறு எப்படி? ஆறு பேரும் ஒன்றாக நிற்கும் படம் உலகத்தில் அது ஒன்றுதான். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

யூட்சன்

*

வுப்பர்டால்
13 மே 2025

அன்புள்ள சித்தப்பா,

எப்படி இருக்கிறீங்கள்? நான் நலம். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் ஆண்டு வரைதான் படித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

பிரச்சினை மன்னார் ஆட்டம் இல்லை. அப்பாவின் பெயருக்கு முன்னால் நீங்கள் போட்ட சொல். அம்மா கட்டுரையை மேசையில் வைத்து வாசித்துக்கொண்டு வந்தவ. அந்த இடத்தில் நிறுத்தினா. பிறகு தாளை மடித்துக் காப்புறுதிக் கோப்புக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டா. ஆறு கிழமை அதைத் தொடவில்லை.

எனக்கு விளங்காத ஒன்று இருக்கிறது. என்னுடைய அவுஸ்பில்டுங் உதவித்தொகை விண்ணப்பத்தில் தகப்பன் என்ற இடத்தில் "இறந்தவர்" என்ற கட்டத்தில்தான் ஒவ்வொரு வருடமும் கோடு போடுகிறோம். கீழே கையெழுத்து வைப்பது அம்மாதான். அப்போது ஒன்றும் சொல்வதில்லை. நான் பிறந்து இரண்டாம் வருடம் அப்பா சைக்கிளில் போய்த் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அம்மாவிடம் கேட்டதில்லை. உங்களுக்காவது சொல்லுவாவோ தெரியாது.

கஜந்தி

*

ஹம்பேர்க்
18 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இந்தக் கிழமை ஒழுங்கான நித்திரை இல்லை.

உங்களை மறுக்க வைத்தது எது என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. எப்படி உறைத்தது என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லை நான் யோசித்துப் போடவில்லை, அண்ணி. படம் என்றால் கீழே பெயர் வரும், ஆள் இல்லையென்றால் முன்னால் அது வரும். நூறு மலரில் பார்த்த கை, தானாகவே எழுதிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருந்தால் நான் கள்ளன். 2011இலிருந்து ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் திகதியும் இறந்தவர்களுக்கான பூசைக்கு அம்மாவின் பெயரோடு அண்ணையின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன். முதல் வருடம் எழுதி, வெட்டி, திரும்ப எழுதினேன். இப்போது வெட்டுவதில்லை. பதினெட்டு வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை. எங்காவது ஓரிடத்தில் அவரை வைத்துவிட வேண்டும் என்று இருந்தது. உங்களுக்கு அப்படி இல்லை என்பதை நான் கேட்டறியவும் இல்லை.

இதற்குள் மதீசன் வேறு. அவனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "மற்ற ரெண்டு பேருக்கும் போட்டிட்டு இவருக்குப் போடாட்டி எல்லாரும் பிழையெண்டுதான் நினைப்பினம்" என்கிறான். கனடாவில் மாரடைப்பில் போனவரின் மனைவியும், 2009இல் வன்னியில் போனவரின் தாயும் அந்தச் சொல்லைப் பார்த்தால்தான் மரியாதை என்று நினைப்பார்கள். அவர்களுக்குப் போடாமலும் விட முடியாது. நான் என்ன செய்ய என்று நீங்களே சொல்லுங்கள். ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

யூட்சன்

*

வுப்பர்டால்
8 ஜூன் 2025

தம்பி யூட்சனுக்கு,

நலம். உமக்கு நித்திரை திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன். எப்படி உறைத்தது என்று நான் கேட்கவில்லை. தபால்தலை வாங்கிய சிட்டையைக் கஜந்தி காற்சட்டைப் பையிலேயே விட்டிருந்தாள்.

பூசைக்குப் பெயர் கொடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. அது உமக்கும் உம்முடைய கடவுளுக்கும் இடையில். ஆனால் பதினாலு வருடம் எனக்குச் சொல்லவில்லை என்பது நோகிறது. நோகிறது என்றே எழுதுகிறேன்.

நானும் உமக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. 2010இல் கொழும்பில் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனேன். தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பனின் மரணச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்றார்கள். கையெழுத்து வைக்க ஆளில்லை. சான்றிதழை எடுத்தேன். இங்கே வந்த நாளிலிருந்து வீட்டுக்கு, வேலைக்கு, காப்புறுதிக்கு என்று எல்லாத் தாளிலும் விதவை என்ற கட்டத்தில் நானே கோடு போடுகிறேன். ஜெர்மனில் நான் பதினைந்து வருடமாக விதவை. அதை வாசிக்கும்போது எனக்குள் ஒன்றும் நடப்பதில்லை. பேனையை மூடிவிட்டுப் பொட்டைச் சரிசெய்துகொண்டு தொங்கு ரயிலைப் பிடிக்கப் போய்விடுவேன்.

தமிழில் இன்றுவரை யாரும் எழுதவில்லை. உம்முடைய அம்மா சாகும்வரை எழுதவில்லை. என் வீட்டார் எழுதவில்லை. முதல் ஆளாக எழுதியவர் நீர். அதுவும் அவருடைய ஆட்களுக்கு நடுவில், கோப்பைக்குப் பக்கத்தில். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நீர் தெரிந்தது போல எழுதினீர்.

அந்தப் பேஸ்போல் புத்தகத்தை முடித்துவிட்டீரா? அத்தனை பேர் பேருந்தில் ஊர் ஊராகத் திரிந்தார்கள் என்று எழுதியிருந்தீர். அதிலும் போன இடம் தெரியாதவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை எழுதியவர் என்ன செய்தார் என்று எனக்கு எழுதும். படத்தைப் பற்றி அதற்குப் பிறகு சொல்கிறேன்.

சிவகௌரி

*

ஹம்பேர்க்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நித்திரையும் வருகிறது. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீங்கள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

புத்தகத்தை முடித்துவிட்டேன். கடைசி இருபது பக்கம் ஒரு பட்டியல். அந்த அணிக்கு விளையாடிய எல்லாருடைய பெயரும் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் நின்று விளையாடினார் என்பது, பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, இறந்த வருடம். பதினொரு பேருக்குக் கோட்டுக்குப் பிறகு வெறும் தாள். அந்தப் பதினொரு பேரில் ஒருவர் இடது வெளிக்களத்தில் நின்றவர். 1898இல் பிறந்திருக்கிறார். 1934க்குப் பிறகு எந்த ஊர்ப் பத்திரிகையிலும் அவருடைய பெயர் இல்லையாம். இன்றைக்கு அவருக்கு நூற்றிருபத்தேழு வயது. உயிரோடு இருக்க ஏலாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் எழுதியவர் அந்த இடத்தை நிரப்பவில்லை. அடியில் பொடி எழுத்தில் "எனக்குத் தெரியாது" என்று மட்டும் போட்டிருக்கிறார்.

முதலில் வாசித்தபோது, ஒரு வருடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத ஆள் என்றுதான் நினைத்தேன். உங்கள் கடிதத்துக்குப் பிறகு திரும்பவும் எடுத்துப் பார்த்தேன்.

நீங்கள் ஓம் என்றால் இப்படிச் செய்கிறேன். ஆறு பேருக்கும் பெயரோடு நின்ற இடத்தையும் போடுகிறேன். இருக்கும் மூன்று பேருக்குத் திரு. போன இரண்டு பேருக்கு அமரர். அண்ணைக்கு முன்னால் ஒன்றுமில்லை. "ஜெறாட், பின்வரிசை, இடது." அவ்வளவுதான். மதீசனோடு சண்டை பிடிக்க வேண்டிவரும். பிடிக்கிறேன்.

யூட்சன்

*

வுப்பர்டால்
20 ஜூன் 2025

தம்பிக்கு,

சுகம். வேலைக்குப் போகும் அவசரத்தில் எழுதுகிறேன். ஓம்.

கிழித்த பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மன்னார் 15, நாங்கள் 13.

சிவகௌரி

*

ஹம்பேர்க்
24 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், களைப்பு மட்டும். நீங்களும் சுகம் என்று கஜந்தி சொன்னாள். உங்கள் வீட்டிலிருந்து நாலு தரிப்பிடம் தள்ளி நடந்த போட்டிக்கு நீங்கள் வரவில்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள். நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மதீசன் கடைசிவரை "பேர் மொட்டையா நிக்குது அண்ணை, திருவாவது போடுங்கோ" என்று நின்றான். நான் விடவில்லை. மலர் வந்தது. மண்டபத்தில் மலரை விரித்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தேடி வந்தார்கள். "ஜெறாட்டுக்கு முன்னால ஒரு சொல் விடுபட்டுப் போச்சு" என்று காதுக்குள் சொன்னார்கள், எனக்கு வெட்கமாகிவிடக்கூடாது என்று. எல்லாம் நல்ல மனசோடுதான். நான் "மறக்கேல்லை" என்றேன். சிலருக்கு விளங்கியது, சிலர் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் தன்னுடைய பிரதியில் பேனையால் தானே எழுதிச் சரிப்படுத்திக்கொண்டதையும் பார்த்தேன். பதினாலு பேருக்கு அன்று இந்தப் பதிலைச் சொன்னேன். வருடா வருடம் பூசைக்குப் பெயர் கொடுக்கிறவன் சொல்கிற பதிலா இது என்று எனக்கே இருந்தது. என்றாலும் ஒருவருக்கும் மாற்றிச் சொல்லவில்லை.

உங்கள் பிரதியைக் கஜந்தி கையில் கொடுத்துவிட்டேன். படமும் அதற்குள் இருக்கிறது. பின்பக்கத்தில் பசை படவில்லை.

நவம்பரில் என்ன செய்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

யூட்சன்

*

வுப்பர்டால்
17 ஓகஸ்ட் 2025

தம்பி யூட்சனுக்கு,

நாங்கள் நலம். மணிக்கட்டு திரும்பவும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ஆனால் எழுதலாம். உம்முடைய முழங்காலைக் குளிர் வருமுன்னே கவனியும்.

நவம்பரில் உம்முடைய மனம் சொல்வதைச் செய்யும். எனக்குச் சொல்லிவிட்டுச் செய்யும்.

கஜந்தி இந்த வருட உதவித்தொகை விண்ணப்பத்தில் தகப்பனுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பியிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். அது அந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டு, பூர்த்தியாகவில்லை என்று திரும்பி வந்தது. "என்னம்மா எழுத?" என்று வந்து நின்றாள். "பின்வரிசை, இடது எண்டு எழுது" என்றேன். சிரித்தாள், பிறகு அழுதாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மேசையில் இருந்து அவரைப் பற்றிக் கனநேரம் கதைத்தோம். மன்னாரில் விட்ட பந்தைப் பற்றியும் சொன்னேன். இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. எழும்பும்போது பழைய கட்டத்திலேயே கோடு போட்டுத் தந்தாள். நான் கையெழுத்து வைத்தேன். ஜெர்மனில்தானே.

மலரைப் பார்த்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர். தோற்ற ஆட்டத்தை எழுதிய இடம்தான் எல்லாவற்றிலும் திறம்.

ஒரு விசயம். விளையாடியவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தீர். இந்த வீட்டுக்கு வந்தது ஒன்றுதான், உறையில் என் பெயர் இருந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

அவருடையதை அனுப்பிவைக்கவும்.

சிவகௌரி